சர்வருக்குப் பொட்டு வெச்ச வாரம்

அக்டோபர் 1, புதன்

காலையில மூடுபனி. எதிர் லயம் (தோட்டத்து லைன் வீடு) தெரியல. பத்து மணிக்கு லேசா வெயில், உடனே அதுக்கு மனசு மாறிட்டுது.

ஆயுத பூஜை. பாடப் புத்தகமெல்லாம் நேத்து சாயங்காலமே பூஜைக்கு வெச்சாச்சு. நாளைக்கு எடுக்கிற வரைக்கும் படிக்கக் கூடாது, எழுதக் கூடாது. படிக்காம இருக்கிறதுல எனக்கு ஆட்சேபணை இல்ல. இந்த நோட்டை மட்டும் சாமிகிட்ட குடுக்கல. படிச்சுட்டா வம்பு.

அம்மாகூட எஸ்டேட் ஆபீஸுக்கு. அம்மா அங்க கம்ப்யூட்டர் ஆபரேட்டர். நான் அங்க தடை செய்யப்பட்ட நபர். (ஆபீஸ் வைஃபை பேரை 'பெரியதொரை பாக்குறாரு'ன்னு மாத்தினதுக்கு. பெரியதொரைன்னா எஸ்டேட் மேனேஜர். அன்னைக்கு எல்லாரும் நிமிர்ந்து உக்காந்து வேலை பாத்தாங்க. நன்றியே இல்ல.) பூஜைக்குத் துடைக்க ஆள் வேணும்னதும் தடை தானா நீங்கிட்டுது.

செஞ்சது:
- கம்ப்யூட்டர் ஆறு, பிரிண்டர் ஒண்ணு. துடைச்சாச்சு.
- ஹெட் கிளார்க் பிஜு சாரோட கீபோர்டைக் கவுத்துத் தட்டினேன். ஒரு முழு முறுக்குக்கான தூள் விழுந்தது.
- உள் ரூம். சர்வர், பக்கத்துல வயர் பெட்டி.

முத்தையா மாமா கூட நின்னாரு. ஆபீஸ் பியூன், பூஜை இன்சார்ஜ், சந்தனக் கிண்ணத்துக்கு ஏக உரிமையாளர். "இது என்ன பாப்பா, அது என்ன?"

"இது சர்வர் மாமா. ஹோட்டல் சர்வர் மாதிரி. யாரு எந்த ஃபைல் கேட்டாலும், எந்த மெயில் கேட்டாலும் கொண்டுவந்து வைக்கும். அந்தக் கறுப்புப் பெட்டி பஸ் ஸ்டாண்டு. இருபத்துநாலு ஓட்டை. எல்லாக் கம்ப்யூட்டர் வயரும் அங்க வந்துதான் போகணும்."

"அப்ப ரெண்டுக்கும் இன்னைக்கு லீவு."

வருஷா வருஷம் அப்படித்தான். அரிவாள், கத்திரி, லாரி, சர்வர், எதையும் இன்னைக்கு ஓட்டக் கூடாது. அம்மா முறையா அணைச்சு மெயினையும் ஆஃப் பண்ணினாங்க. வயரைக் கழட்டிக் கழட்டித் துடைச்சு அதது ஓட்டையிலயே நான் சொருகினேன். மாமாவுக்கு ஒரே கவலை: "பூஜை நாளு, ஒண்ணும் தொங்கிட்டு நிக்கக் கூடாது பாப்பா." தொங்கல. ஒரு வயரும் தொங்கல. பெட்டி புது மாப்பிள்ளை மாதிரி.

பொட்டு: சர்வர் நெத்தியில மாமா மூணு விரலால சந்தனப் பட்டை. பெட்டியில மேல் வரிசை அவரு, கீழ் வரிசை நான். நான் தீக்குச்சி முனையால குங்குமம், கடுகு அளவு, ஒவ்வொரு வயர் தலையிலயும். அம்மா பாத்து, "ஏட்டி சுகன்யா, உனக்கு ஒழுங்கா ஒரு வேலை செய்யக்கூட வருமா"ன்னு கேட்டாங்க. பாராட்டுன்னு எடுத்துக்கிட்டேன்.

பொரி ரெண்டு படி. அவல் பரவாயில்ல.

அக்டோபர் 2, வியாழன்

மழை. விஜயதசமி. புத்தகத்தை எடுத்தாச்சு. எடுத்ததும் ஒரு பக்கமாவது படிக்கணும்கிறது அப்பாவோட சட்டம். கம்ப்யூட்டர் சயன்ஸ் கைக்கு வந்தது. நெட்வொர்க் வகைகள்: பஸ், ஸ்டார், ரிங். ரிங் படம் கம்மல் மாதிரி இருந்தது. மூடிட்டேன்.

மிச்சப் பொரி.

அக்டோபர் 3, வெள்ளி

ஸ்கூல் விட்டு வரும்போது அம்மா இன்னும் வரல. ஆபீஸுக்கே போனேன். வாசல்லயே எல்லாரும் என்னைப் பாத்தாங்க. நான் இன்னும் எதுவும் பண்ணலையேன்னு நெனச்சேன்.

காலையில எல்லாத்தையும் ஆன் பண்ணியிருக்காங்க. சர்வர் ஓடுது. ஆனா எந்தக் கம்ப்யூட்டருக்கும் சர்வர் தெரியல. மெயில் போகல, வரல. இன்டர்நெட் இல்ல. பிரிண்டர் கூட ஊமை. காலையில பறிச்ச தேயிலைக் கொழுந்து விவரத்தை அம்மா பேப்பர்ல எழுதி, போன்ல போட்டோ எடுத்து கொச்சி ஹெட் ஆபீஸுக்கு அனுப்பினாங்களாம்.

கம்ப்யூட்டர் விஷயத்துக்குப் பொறுப்பான ஆள் கொச்சியில இருக்காரு. கொச்சி சார்னே சொல்றது. ஸ்பீக்கர்ல போட்டாங்க.

"ரீஸ்டார்ட் செய்தோ?"

"மூணு தடவை சார்" அம்மா.

"எங்கில் சர்வர் போயி. திங்கள் பத்து மணிக்கு ஞான் அவிட வரும். அதை எடுத்துட்டு வரும். இனி எல்லாம் இவிடருந்து நோக்காம்." சர்வர் செத்துட்டுதாம், கொச்சிக்கே தூக்கிட்டுப் போயி இனி எல்லாத்தையும் அங்கருந்தே பாத்துக்குவாராம்.

போனை வெச்சுட்டாரு. பிஜு சார் கண்ணாடியைத் துடைச்சாரு. நல்லவர்தான், ஆனா கெட்ட சேதியைக் கண்ணாடி துடைச்சுத்தான் சொல்லுவாரு. "ராசாத்தி, சர்வர் இல்லாத ஓஃபீஸ்ல ஓபரேட்டர் வேண்டான்னு அவரு பண்டே பறையுன்னுண்டு. பின்னே... பழைய வேலை..." சர்வர் இல்லாத ஆபீஸுக்கு ஆபரேட்டர் எதுக்குன்னு கொச்சி சார் ரொம்ப நாளாவே சொல்லிட்டு இருக்காராம்.

பழைய வேலைன்னா முதுகுல சாக்கு. அம்மா பதினொரு வருஷம் கொழுந்து எடுத்தாங்க. சாயங்காலம் ஏலப்பாறைக்கு பஸ் ஏறிப் போயி கம்ப்யூட்டர் கிளாஸ் படிச்சுத்தான் இந்த நாற்காலிக்கு வந்தாங்க. ரெண்டு வருஷம்தான் ஆவுது. மழைக்காலத்துல இன்னும் முட்டி பிடிக்கும்.

அப்புறம் எல்லாப் பார்வையும் என் மேல.

"என்ன பண்ணினட்டி?"

"ஒண்ணும் பண்ணலம்மா."

"சாமி சத்தியமா?"

"சாமி சத்தியமா. கூட வேணும்னா கம்ப்யூட்டர் சத்தியமா."

அம்மா சிரிக்கல. வழக்கமா கோவத்துலயும் ஓரமா சிரிப்பு வரும்.

'நான் ஒண்ணும் தொடல' சொன்னவங்க, வரிசையா:
1. நான்
2. பிஜு சார் (ரெண்டு தடவை)
3. முத்தையா மாமா
4. பெரியதொரை (யாரும் கேக்கல. தானா வந்து சொன்னாரு)

யாருமே தொடாம எப்படிச் சாகும்? யாரோ தொட்டிருக்காங்க. நான் இல்ல. இத்தனை வருஷமா நான் செஞ்சதுக்கெல்லாம் மாட்டியிருக்கேன், நியாயம். செய்யாததுக்கு மாட்ட மாட்டேன். அம்மாவையும் மாட்ட விட மாட்டேன்.

திங்கள் பத்து மணி. அதுக்குள்ள.

அக்டோபர் 4, சனி

வெயில்னு சொல்லலாம். மத்தியானம் வரைக்கும்.

ஆபீஸ் அரை நாள். உள் ரூம் வாசல்ல பிஜு சார் கையை விரிச்சு நின்னாரு. "மோளே, நீ தொடண்டா."

அம்மா: "அவ தொட மாட்டா சார். நான் தொடுறேன். அவ சொல்லட்டும்."

அதனால நான் வாய், அம்மா கை. அப்பா கேட்டா, எங்க வீட்டுல எப்பவும் அப்படித்தானேம்பாரு.

முதல் வேலை, ஒண்ணையும் மாத்தாம பாக்கிறது. அம்மா சர்வர் முன்னாடியே உக்காந்து லாகின் பண்ணினாங்க. நெட்வொர்க் வழியா இல்ல, நேரா. எல்லா ஃபைலும் திறக்குது. போன மாச லீஃப் ரிப்போர்ட், பழைய மெயில், எல்லாம். அப்ப சர்வர் சாகல. சமையலும் ஆயிருக்கு, சர்வரும் நிக்கிறாரு, மேஜைக்குப் போற வழிதான் அடைஞ்சிருக்கு. கொச்சி சார் போன்லயே காரியம் பண்ணிட்டாரு.

மெயில் போகலன்னா முதல்ல மெயிலைப் பாக்கக் கூடாது. வழியைப் பாக்கணும். இதைச் சட்டமா எழுதி ஒட்டணும்.

நான் உடனே வயரை ஆராயணும்னேன். அம்மா, "முதல்ல காப்பி எடு. அப்புறம் கிழி." வெளி டிஸ்க்குல எல்லாத்தையும் காப்பி போட்டாங்க. மூணு மணி நேரம். அந்தப் பச்சைக் கோடு நகர்ற வேகத்துல நத்தை டீ குடிச்சுட்டு வரலாம். காப்பி முடிஞ்சதும் டிஸ்க்கிலருந்து நாலு ஃபைலைத் திறந்து பாத்தாங்க. "திறக்காத காப்பி காப்பி இல்லட்டி. வெறும் நம்பிக்கை."

நடுவுல பிஜு சாரோட துப்பு: குங்குமம். பொடி ஓட்டைக்குள்ள போயி ஷார்ட் ஆயிட்டுதாம். ஹெட் ஆபீஸுக்கு ரிப்போர்ட்டே எழுத ஆரம்பிச்சுட்டாரு, பூஜைச் சாமான் உள்ள விழுந்துட்டுது, பொறுப்பு பியூன்னு. மாமா வாசல்ல நின்னு கேட்டுக்கிட்டு இருந்தாரு. "இருபது வருஷமா வைக்கிறேன் சார்"னு மட்டும் சொன்னாரு. கையில சந்தனக் கிண்ணம் இல்லாம அவரைப் பாக்க ஒரு மாதிரி.

பெயின்ட் பிரஷ் வெச்சு அம்மா எல்லா ஓட்டையையும் தூசு தட்டினாங்க. வயரைக் கழட்டல, ஓரமா மட்டும். பலன் இல்ல. "லைட் எல்லாம் நல்லா கத்துன்னுண்டல்லோ, பெட்டிக்குக் குழப்பமில்லா"ன்னு பிஜு சார். உண்மைதான், பெட்டியில பச்சை லைட் எல்லாம் ஜோரா மின்னிச்சு. கல்யாண வீட்டு சீரியல் செட் மாதிரி, எல்லாம் ஒரே தாளத்துல.

ரெண்டு மணிக்கு இடி. இந்த மலையில இடி கேட்டா எல்லா ஆபீஸும் ஒரே வேலைதான் செய்யும்: இன்டர்நெட் வயரைப் பிடுங்கு. இல்லன்னா மின்னல் வயர் வழியா உள்ள வந்து எல்லாத்தையும் பொசுக்கும். மாமா ஓடி வந்து மூணு வயரைப் பிடுங்கினாரு.

"எது மாமா இன்டர்நெட்?"

"தெரியாது பாப்பா. எல்லாம் நீலம். மூணுல ஒண்ணா இருக்கும்."

சிரிச்சேன். அப்புறம் சிரிப்பு நின்னுட்டுது. எந்த வயர் எங்க போகுதுன்னு இந்த ஆபீஸ்ல யாருக்குமே தெரியாது. எனக்கும். ஒரு வயர்லயும் பேர் இல்ல. பாஸ்வேர்டு எல்லாம் மட்டும் காலண்டர் பின்னாடி, எல்லாருக்கும் தெரியிற மாதிரி, கொட்டை எழுத்துல.

நாளைக்கு ஞாயிறு. பிஜு சார் சாவியை அம்மா கையில குடுத்தாரு. "ஞான் கண்டிட்டில்லா." அவரு எதையும் பாக்கலயாம். நல்லவர்தான்.

வாங்க வேண்டியது: வெள்ளை பிளாஸ்டர், அழியாத பேனா.

அக்டோபர் 5, ஞாயிறு

பனி. ஸ்வெட்டர். எட்டு மணிக்கே ஆபீஸ். அம்மா, நான், மாமா. மாமாவைக் கூப்பிடல. பிளாஸ்க்கோட வந்து நின்னாரு.

லயத்துல இருக்கோம், ஆன்லைன்ல இல்ல, இன்னைக்கு வந்துடணும்னு சொன்னேன். மாமா மட்டும் சிரிச்சாரு.

திட்டம்: பெட்டியில இருக்கிற எல்லா வயரையும் கழட்டுறது. ஒவ்வொண்ணா திரும்பப் போடுறது. ஒண்ணு போட்டா ஒரு சோதனை. ரெண்டை ஒண்ணாப் போட்டா எதனால கெட்டுதுன்னு தெரியாது. அம்மாவுக்குப் பொறுமை ஜாஸ்தி, எனக்கு வாய் ஜாஸ்தி, சரியான டீம்.

கழட்டுறதுக்கு முன்னாடி போன்ல போட்டோ. (இது என் யோசனை. பதிவு பண்ணிக்கிறேன்.)

எல்லாம் கழட்டியாச்சு. பெட்டி இருட்டு. முதல்ல சர்வர் வயர். ஒரு லைட், அப்பப்ப சிமிட்டுது. அம்மாவோட கம்ப்யூட்டர். சர்வர் தெரியுது.

அம்மா ஒரு ஃபைலைத் திறந்து பாத்தாங்க. மாமா, "வந்துட்டாரா?"ன்னு கேட்டாரு.

"வந்துட்டாரு மாமா."

பிளாஸ்டர்ல பேர் எழுதி ரெண்டு முனையிலயும் ஒட்டினேன். ஒவ்வொரு வயருக்கும் மாமா கூடவே நடந்து, எந்த மேஜைக்குப் போகுதுன்னு பாத்துட்டு வந்து சொன்னாரு. பிஜு சார் வயர். பிரிண்டர். ஃபேக்டரி. பெரியதொரை. இன்டர்நெட். ஒவ்வொண்ணுக்கும் அப்புறம் அம்மா தனக்குத்தானே ஒரு மெயில் அனுப்பினாங்க. 'சோதனை 1', 'சோதனை 2'. ஏழு வரைக்கும் வந்தது.

பதினொண்ணரை. கடைசி வயர். மஞ்சள், குட்டை, ஒரு முழம் இருக்கும். அதோட நடக்க மாமாவுக்கு வழியே இல்ல. ஏன்னா அது எங்கயும் போகல. போட்டோவைப் பெருசாக்கிப் பாத்தோம். ஒரு தலை பதினேழாம் ஓட்டை. இன்னொரு தலை பதினெட்டாம் ஓட்டை. அதே பெட்டி.

அம்மா ரெண்டு தலையையும் சொருகினாங்க. எல்லா லைட்டும் ஒரே தாளத்துல வெறி பிடிச்ச மாதிரி. சர்வர் போச்சு. பிடுங்கினாங்க. சர்வர் வந்தது.

ரிங். கம்மல் மாதிரி. பதினேழுல வெளிய போற சேதி பதினெட்டுல உள்ள வருது. பெட்டி அதைப் புதுசுன்னு நெனச்சு எல்லாருக்கும் அனுப்புது. அது திரும்ப உள்ள வருது. லயத்துல வதந்தி சுத்துற மாதிரி, அடுத்த வேலைக்கு இடமே இல்லாம.

மாமா: "இதை யாரு சொருகினா?"

எனக்குச் சந்தோஷம் தாங்கல. ஆளைப் பிடிச்சுடலாம். வயரைக் கையில வாங்கி ஜன்னல் வெளிச்சத்துல பாத்தேன்.

ரெண்டு தலையிலயும் குங்குமம். கடுகு அளவு. தீக்குச்சிப் பொட்டு.

அப்ப பூஜைக்கு முன்னாடியே ரெண்டு தலையும் சொருகியிருக்கு. பூஜைக்கு முன்னாடி பெட்டியைத் தொட்டது ஒரே ஆள்.

இந்த நோட்டை ஸ்கூல் பைக்குள்ளருந்து எடுத்துப் புதன்கிழமைப் பக்கத்தைப் படிச்சேன். 'ஒரு வயரும் தொங்கல. பெட்டி புது மாப்பிள்ளை மாதிரி.' என் கையெழுத்து. என் பெருமை. இப்ப ஞாபகம் வருது: ஒரு மஞ்சள் வயர், ஒரு தலை சொருகி, மறு தலை சும்மா தொங்கிட்டு இருந்தது. பூஜை நாளு. பக்கத்துலயே காலி ஓட்டை. அழகா இருக்கும்னு.

குறும்பு பண்ணினதெல்லாம் ரெண்டு நிமிஷத்துல சரியாகியிருக்கு. ஒழுங்கா ஒரு வேலை செஞ்சேன், மூணு நாள் ஆபீஸ் படுத்துட்டுது.

சொல்லாம விட்டிருக்கலாம். மாமா ஏற்கனவே "சரியாயிட்டுதுல்ல, விடு"ன்னு பிளாஸ்க்கைத் திறந்துட்டாரு. பிஜு சாருக்குப் போன் போட்டா அவரும், "இடி மின்னல்னு பறஞ்சா மதி." இந்த மலையில எல்லாப் பழியும் மின்னலுக்குத்தான். அது திரும்பப் பேசாது.

ஆனா வெள்ளிக்கிழமை போட்ட பட்டியல்ல முதல் பேரு நான். மூணாவது மாமா. அவர் பேரு பிஜு சார் ரிப்போர்ட்டுல இருக்கு.

"அம்மா. நான்தான்."

பக்கத்தைக் காட்டினேன். அம்மா முழுசாப் படிச்சாங்க. (முந்தின பக்கத்துக்குப் போகாம பிடிச்சுக்கிட்டேன்.) திட்டுக்காகக் காத்திருந்தேன். வரல.

அப்புறம் கேட்டாங்க: "நாலு நாள் முன்னாடி இந்த ரூம்ல என்ன நடந்துதுன்னு எழுதி வெச்சிருக்கிறது இந்த எஸ்டேட்லயே உன் நோட்டு ஒண்ணுதானா?"

மேஜையிலருந்து ஒரு புது ரெஜிஸ்டரை எடுத்துப் போட்டாங்க. "எழுது."

"என்ன எழுத?"

"நடந்ததை. தேதி, என்ன தொட்டோம், என்ன கெட்டுது, எப்படிச் சரியாச்சு."

"யாரு தொட்டான்னு?"

"உன் பேரை எழுது. கீழ என் பேரையும் எழுது. உன்னை உள்ள விட்டவ நான்தானே."

"அதைப் பாத்து உங்களைத் திரும்பக் கொழுந்தெடுக்க மலைக்கு அனுப்பிட்டா?"

"மின்னல்னு சொன்னா அனுப்ப மாட்டாங்களா? மின்னல் விழுற ஊர்ல சர்வர் எதுக்குன்னு அதையும் சேத்துத்தான் எடுத்துட்டுப் போவாரு. எழுதுட்டி."

எழுதினேன். ஜோக் இல்லாம ஒரு முழுப் பக்கம். கை வலிச்சுது. அந்த மஞ்சள் வயர் எப்படி வந்ததுன்னு அம்மாவே சொன்னாங்க. அதையும் எழுதினேன்: 'போன வருஷம் பெட்டி மாட்டினப்ப லேப்டாப்புக்காகச் சொருகியது. வேலை முடிந்து எடுக்கப்படவில்லை.' யாரு எடுக்கலன்னு எழுத வேண்டாம்னாங்க.

காலண்டர் பின்னாடி இருந்த பாஸ்வேர்டைக் கிழிச்சு, எல்லாத்தையும் மாத்தி, அம்மா பீரோவுக்குள்ள வெச்சுப் பூட்டினாங்க. என்னைத் திரும்பி நிக்கச் சொல்லிட்டு.

அக்டோபர் 6, திங்கள்

ஸ்கூலுக்குப் போகல. வயித்து வலின்னு லெட்டர். பொய் இல்ல, நிஜமாவே வலிச்சுது.

கொச்சி சார் ஒன்பதே முக்காலுக்கே. ஜீப், பெரிய அட்டைப் பெட்டி, சர்வரைக் கட்ட ஒரு பழைய போர்வை.

அம்மா நல்ல சேலை. "சார், வேலை செய்யுது. பாத்துட்டு எடுங்க."

பாத்தாரு. ஒவ்வொரு கம்ப்யூட்டரா உக்காந்தாரு. தனக்கு ஒரு மெயில் அனுப்பினாரு, போன்ல டிங். உள் ரூமுக்கு வந்து பிளாஸ்டர் பேரையெல்லாம் படிச்சாரு. 'நான் பிரிண்டர், பேப்பர் போட்டுட்டுக் கூப்பிடு'. 'பெரியதொரை, மெதுவாத் தொடு'. வாய் ஓரத்துல என்னமோ நடந்தது.

"எந்தாயிருந்து ப்ராப்ளம்?"

பிஜு சார் கண்ணாடியைக் கழட்டினாரு. "அது சார், இடி..."

"நான் சார்"னேன்.

அம்மா ரெஜிஸ்டரை நீட்டினாங்க. அவருக்குத் தமிழ் படிக்க வராது. அம்மாவே வரி விடாம படிச்சாங்க, மலையாளத்துல சொல்லிச் சொல்லி. என் பேர் வந்தப்ப குரல் மாறல. அவங்க பேர் வந்தப்பவும். மஞ்சள் வயர் வந்தப்ப கொச்சி சார், "நிக்கு"ன்னாரு.

மேஜை மேல அந்த வயர். எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. ஒரு தலைகிட்ட சின்னதா ஒரு மார்க், நீல மையில. ரெண்டு நாளா எங்க கண்ணுலயும் படல.

"இது என்டெ வயர் ஆணல்லோ."

அவரோட வயராம். அம்மா ஜன்னல் வழியா மழை வருதான்னு பாத்தாங்க.

அவரு ரெஜிஸ்டரை வாங்கிக் கடைசி வரிக்குக் கீழ ஒரு கையெழுத்துப் போட்டாரு. ஆறு மாசம் சர்வர் இங்கேயே இருக்கட்டும், அப்புறம் பாக்கலாம்னாரு. எல்லாத் தோட்டத்துலயும் இப்படி ஒரு ரெஜிஸ்டர் வேணும்னு பிஜு சார்கிட்ட சொன்னாரு. சாவி ராசாத்திகிட்ட மட்டும். மகள் உள்ள வரக் கூடாது.

சர்வரை எடுக்க வந்தவர் ஒரு முழ மஞ்சள் வயரை எடுத்துட்டுப் போனாரு. போர்வையை மறந்துட்டாரு. அதையும் ரெஜிஸ்டர்ல எழுதினேன்.

பிஜு சார் அந்தக் குங்கும ரிப்போர்ட்டைக் கிழிச்சாரு. நாலாக் கிழிச்சு மாமா கையில குடுத்தாரு, போட்டுடச் சொல்லி. மாமா அதை மடிச்சுப் பாக்கெட்டுல வெச்சுக்கிட்டாரு.

மூணு மணி. இடி. நான் உள் ரூம் வாசலுக்கு வெளிய, தடை எல்லையில. மாமா உள்ள ஓடினாரு.

"எது பாப்பா?"

"படிங்க மாமா."

"'நான் இன்டர்நெட். இடிச்சா பிடுங்கு.'" ஒரே ஒரு வயர். பிடுங்கினாரு. "இங்க பதினெட்டுலயும் என்னமோ எழுதி ஒட்டியிருக்கே. இது உன் எழுத்து இல்லையே."

நான் அதுக்கு ஒண்ணும் எழுதல. எட்டிப் பாத்தேன். ஓட்டையை மூடி வெள்ளை பிளாஸ்டர். அம்மாவோட குண்டு எழுத்து:

'சும்மா இருக்கட்டும், சுகன்யா.'